மலையின் மடியில் மறைந்திருக்கும் நீர்

நீரின் பெருமையைப் பாடாத புலவர் தமிழில் இல்லை எனலாம். நம் முன்னோர் மழையை வாழ்த்தினர். ஆற்றைத் தாயென அழைத்தனர். குளந்தொட்டு வளம் பெருக்கிய மன்னரைக் கல்லிலும் செப்பேட்டிலும் போற்றி எழுதினர். ஆயினும், இவை யாவும் கண்ணுக்குப் புலனாகும் நீருக்குச் செய்த சிறப்புகளேயாம். கண்ணுக்குப் புலனாகாது, மண்ணுக்குள்ளும் பாறைப் பிளவுகளுக்குள்ளும் தங்கி, மெல்ல மெல்ல நகர்ந்து, நம் வாயிற்படிக்கு வந்து சேரும் நீர் ஒன்றுண்டு. அதன் வரலாற்றை நாம் போதிய அளவு சிந்தித்தோமில்லை.

ஊவா மலைநாட்டுத் தோட்டங்களில் பிறந்த நமக்கு இந்த மறைநீர் அந்நியமானதன்று. பொழுது புலருமுன் குடத்தோடு பீலிக்கரைக்குச் செல்லும் தாய்மார் ஏந்தி வருவது அந்நீரையே. ஆனி, ஆடி மாதங்களில் மழை ஓய்ந்து, வறண்ட காற்று வீசி, ஓடையும் வற்றிய நாளில்கூடப் பீலி மட்டும் விரற்கடை அளவாவது ஓடிக்கொண்டிருக்கும். மழையே இல்லாத நாளில் இந்நீர் எங்கிருந்து வருகிறது? சிறுவனாக இருந்த காலத்தில் என் பாட்டியிடம் இக்கேள்வியைக் கேட்டேன். "மலைக்கும் வயிறு இருக்கு, அய்யா. மழை நாள்ல குடிச்சு வச்சுக்கிட்டு, வெயில் நாள்ல நமக்குக் கொஞ்சங் கொஞ்சமா குடுக்குது," என்றார். பின்னர் மிஷன் பாடசாலையில் புவியியல் கற்றபோது, ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து விளக்கியதும் பாட்டி சொன்னதும் ஒன்றே எனக் கண்டு வியந்தேன்.

அந்த வயிறு அளவுக்கு மீறி நிறைந்ததையும், அதே வயிறு துளைக்கப்பட்டு வற்றியதையும் 2014ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களுக்குள் நமது பதுளை மாவட்டம் கண்டது. முன்னது நிகழ்ந்தது கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில். பின்னது நிகழ்ந்தது பண்டாரவளைப் பகுதியில். இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு துன்பங்கள் என்றே பலரும் கருதுகின்றனர். இவ்விரண்டும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறைநீரைத் தேடிய மாந்தர்

நிலத்துக்கடியில் நீர் உண்டு என்பதை மனிதன் கிணறு தோண்டத் தொடங்கிய நாளிலேயே அறிந்துகொண்டான். அது எவ்வாறு அங்கு வந்தது என்பதை அறிவதற்கோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சென்றன. நம் வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு உவமை தேடியபோது மணற்கேணியைக் கண்டார். தோண்டிய ஆழத்துக்கு ஏற்ப நீர் ஊறும் என்ற உண்மை அக்காலத்து மக்கள் நாள்தோறும் கண்டறிந்த ஒன்று என்பதற்கு இதுவே சான்று. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தமது பிருகத் சங்கிதையில் நிலத்தடி நீரைக் கண்டறிவதற்கென்றே ஓர் அத்தியாயம் வகுத்தார். மனித உடலில் நரம்புகள் ஓடுவதுபோல நிலத்தினுள்ளும் நீர் நரம்புகள் ஓடுகின்றன என்பது அவர் கருத்து. எந்த மரம் நிற்குமிடத்தில், எத்திசையில், எத்தனை ஆழத்தில் நீர் கிடைக்கும், கறையான் புற்று எதனைக் காட்டும் என்றெல்லாம் அவர் விரித்துரைக்கின்றார். அவற்றுள் எல்லாம் இன்றைய ஆராய்ச்சிக்கு ஒத்துவரும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், மண்ணையும் மரத்தையும் உற்றுநோக்கி மறைந்த நீரை அறியலாம் என்ற அவரது நெறி பழுதற்றது.

மேனாட்டாரும் நெடுங்காலம் இருளிலேயே தடவினர். கடல்நீர் நிலத்தடியில் புகுந்து, உப்பு நீங்கி, மலையுச்சியில் ஊற்றாகப் பீறிடுகிறது என்று நம்பியோர் பலர். ஊற்றுகளையும் ஆறுகளையும் ஊட்டுவதற்கு வெறும் மழைநீர் போதாது என்பது அவர்களது எண்ணம். 1674ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான பியர் பெரோ, சேன் நதியின் மேற்பகுதியிற் பெய்யும் மழையை அளந்து கணக்கிட்டு, அந்த ஆற்றில் ஓராண்டில் ஓடும் நீரைப் போல் ஆறு மடங்கு மழை அங்கே பெய்கிறது என்று காட்டினார். மழையே ஊற்றுக்கும் ஆற்றுக்கும் தாய் என்பது இவ்வாறு கணக்கினால் நிலைநாட்டப்பட்டது. 1856ஆம் ஆண்டில் அதே நாட்டுப் பொறியியலாளரான ஆன்றி டார்சி, டிஜோன் நகரின் குடிநீர்த் திட்டத்தைப் பற்றி எழுதிய நூலில், மணலினூடாக நீர் செல்லும் வேகத்துக்கு ஒரு விதியை வெளியிட்டார். நீர்மட்டத்தின் ஏற்றத்தாழ்வு கூடுந்தோறும் ஓட்டம் கூடும்; கடக்கும் தூரம் கூடுந்தோறும் ஓட்டம் குறையும்; மண்ணின் தன்மைக்கேற்ப வேகம் வேறுபடும் என்பதே அவ்விதியின் சாரம். இன்றும் உலகெங்கும் நிலத்தடி நீரை ஆராய்வோர் டார்சியின் விதியிலிருந்தே தொடங்குகின்றனர்.

மலையின் வயிறு

நிலத்துக்கடியில் பாதாள கங்கை பெருக்கெடுத்து ஓடுகிறது என்று கதைகளிற் கேட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் அக்கதைக்கு ஓரளவு இடமுண்டு. அங்குள்ள நிலம் சுண்ணாம்புக்கல்லாலானது. மழைநீர் அக்கல்லைக் கரைத்துக் குகைகளையும் குடைவுகளையும் உண்டாக்கியுள்ளது. புத்தூர் நிலாவரைக் கிணறும், கடலோரத்தே நன்னீர் சுரக்கும் கீரிமலைத் தீர்த்தமும் அவ்வாறு பிறந்தவையே. நமது மலைநாட்டின் அடித்தளமோ முற்றிலும் வேறானது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை வாய்ந்த, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிப்போன கடும்பாறைகளே நம் காலடியில் கிடக்கின்றன. அப்பாறையின் உடலிலே நூற்றில் ஒரு பங்குகூட வெற்றிடம் இராது. அவ்வாறாயின் நீர் எங்கே தங்கும்?

இரண்டு இடங்களில் தங்கும். முதலாவது, பாறை உக்கி மண்ணாகிய மேற்போர்வை. வெயிலும் மழையும் வேரும் சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையைத் தின்று உண்டாக்கிய மண் அது. அம்மண்ணின் பொடிகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் நிறைகிறது. அதில் களிமண் மிகுந்தால், நீரை நிறையக் கொள்ளும். ஆனால் எளிதில் விடாது. மணல் மிகுந்தால் விரைவில் வாங்கி விரைவில் விடும். இரண்டாவது, பாறையிலுள்ள பிளவுகளும் வெடிப்புகளும். அவை கொள்ளும் நீர் சிறிதேயாயினும், ஒன்றோடொன்று தொடர்புற்றுக் குழாய்போல் நீரை நெடுந்தூரம் கொண்டுசெல்ல வல்லவை.

மலைமேற் பெய்த மழையில் ஒரு பங்கு வழிந்தோடும். ஒரு பங்கு மரஞ்செடிகள் உறிஞ்சி ஆவியாகும். எஞ்சிய பங்கு மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய நீர் கடும்பாறையைத் தொட்டதும் அதற்குமேல் இறங்க வழியின்றிப் பாறையின் சாய்வு வழியே பக்கவாட்டில் நகரும். அதன் நடை ஆற்றின் ஓட்டமன்று. நாளொன்றுக்கு ஒரு முழமோ, அதனிலும் குறைவோ நகரும் இடங்கள் உண்டு. மலைச்சரிவில் பாறை வெளியே தலைகாட்டும் இடத்தை அடைந்ததும் அந்நீர் ஊற்றாகக் கசிகிறது. அங்கே நம் முன்னோர் மூங்கிலையோ தகரத்தையோ பொருத்திப் பீலி அமைத்தனர். இன்று குடத்தில் விழும் நீர், சென்ற மாதத்து மழையாகவும் இருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையாகவும் இருக்கலாம். உலகின் நன்னீரில் பெரும்பகுதி பனிப்பாறையாக உறைந்து கிடக்கிறது. நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது பங்கு நிலத்தடியில் உள்ளது. ஆறுகளிலும் ஏரிகளிலும் உள்ளதோ நூற்றில் ஒரு பங்கினும் குறைவு என்பதை எண்ணிப் பார்த்தால், பாட்டி சொன்ன வயிற்றின் பெருமை விளங்கும்.

காடும் கோப்பியும் தேயிலையும்

இந்த மலைகள் இரு நூற்றாண்டுகளுக்கு முன் அடர்ந்த காடுகளாக இருந்தன. இலையின் மேல் விழுந்த மழை சொட்டுச் சொட்டாக இறங்கியது; உதிர்ந்த சருகு அதனைத் தாங்கி மண்ணுக்குள் விட்டது; ஆழ்ந்த வேர் மண்ணைப் பாறையோடு பிணைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கோப்பி பயிரிடக் காட்டை வெட்டிச் சுட்டனர். 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் சில ஆண்டுகளிலே கோப்பியை அழித்தது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. காட்டை இவ்வாறு அழிப்பதன் தீங்கை அக்காலத்து அறிஞர் அறியாமலில்லை. இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுமாறு 1873ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தினார். ஹோர்ட்டன் சமவெளிக் காடு இன்றும் எஞ்சி நிற்பதற்கு அவ்வறிவுரையும் ஒரு காரணமாகும். அந்த எல்லைக்குக் கீழிருந்த மலைகளோ கோப்பிக்கும் தேயிலைக்கும் இரையாயின.

தேயிலைச் செடியே மலைக்குப் பகை என்று கொள்ளலாகாது. செழித்து அடர்ந்த தேயிலை மண்ணை நன்கு மூடும். அதற்காகவே பழைய தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, மழைநீரை ஓடைக்குத் திருப்பினர். அந்தக் கான்களை வெட்டியவர்கள் யார்? தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, காடு கடந்து வந்த நம் முப்பாட்டன்மாரே. ஒவ்வொரு மலையிலும் நீர் எவ்வழி செல்ல வேண்டுமென்று மண்ணிலே எழுதிவைத்தவர்கள் அவர்கள். கானைத் தூர் வாராது விட்டால், ஓடைக்குச் செல்ல வேண்டிய நீர் தேங்கி மலைக்குள் இறங்கும். கைவிடப்பட்ட கான், கானே இல்லாத நிலையினும் கேடானது.

நீரை வழிப்படுத்திய அம்மக்களுக்குத் தாம் குடியிருக்கும் இடத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை மட்டும் கிட்டவில்லை. லயங்களைத் தோட்ட நிருவாகம் தான் விரும்பிய இடத்தில் கட்டியது. 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவராக்கியது. 1975ஆம் ஆண்டில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியது. துரை மாறினார், பெயர்ப்பலகை மாறியது, லயக் காம்பராவும் அது நின்ற நிலமும் அங்கே பிறந்து இறந்தவருக்குச் சொந்தமாகவில்லை. மீரியபெத்தயின் துயரத்தை விளங்கிக்கொள்ள இந்த வரலாறும் வேண்டும்.

நிறைந்த வயிறு

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் புதன்கிழமை. முன்னைய நாட்களில் பெய்த பெருமழை மலைக்குள் இறங்கியிருந்தது. காலை ஏழரை மணியளவில், பிள்ளைகள் பாடசாலைக்கும் பெரியோர் வேலைக்கும் புறப்படும் அவ்வேளையிலே, மீரியபெத்தயின் மேற்சரிவு பெயர்ந்து இறங்கியது. சில நிமிடங்களில் லயங்களும் கோயிலும் மண்ணுக்குள் மறைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர்; தப்பியவர்களுள் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, தாய் தந்தையரும் இல்லை. பலருடைய உடல்கள் இறுதிவரை கிடைக்கவேயில்லை. அன்று நான் ஆரம்ப வகுப்பு மாணவன். எங்கள் லயத்து இஸ்தோப்பில் பெரியோர் கூடி நின்று, வானொலிக்குக் காது கொடுத்து, மேலே நிற்கும் எங்கள் மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

மலை ஏன் சரிந்தது? "மழை பெய்தது, சரிந்தது" என்று கூறிவிடுவது எளிது. இலங்கையின் மலைகளில் மழை பெய்யாத ஆண்டு ஏது? இவ்விடத்தே கார்ல் டெர்சாகி என்னும் ஆஸ்திரியப் பொறியியலாளர் 1920களில் கண்ட உண்மையை நாம் அறிதல் வேண்டும். மண்ணிலே பொடிகளும் உள்ளன. அவற்றிடையே நீரும் உள்ளது. மேலேயுள்ள மண்ணின் பாரத்தை இவ்விரண்டும் பங்கிட்டுச் சுமக்கின்றன. பொடிகள் ஒன்றையொன்று இறுக அழுத்தி நிற்கும் வரையில் உராய்வு அவற்றைப் பிடித்து வைக்கும். நீர் நிறைந்து அதன் அழுத்தம் கூடினால், பாரத்தின் பெரும்பங்கை நீர் சுமக்கத் தொடங்கும். பொடிகளின் பிடி தளரும். நீருக்கோ பிடித்து நிற்கும் வலிமை கிடையாது. ஈரமான மேசைமேற் கவிழ்த்த கிண்ணம், கை படாமலே வழுக்கிச் செல்வதை நாம் கண்டதில்லையா? மலைச்சரிவும் அதுபோன்றதே.

மீரியபெத்தயின் நிலம் இதற்கு மேலும் ஏற்றதாக அமைந்திருந்தது. ஹப்புத்தளை மலைத்தொடரின் தென்புறம் செங்குத்தாக இறங்கும் சரிவின் அடியில், முற்காலத்துச் சரிவுகளில் இறங்கிய மண்ணும் கல்லும் திரண்டு கிடக்கும் இடம் அது. ஒருமுறை சரிந்த மண், கட்டுக்குலைந்த மண். நீரை விரைவில் உள்வாங்கும். மறுமுறை சரிய அணியமாகவே நிற்கும். மேலேயுள்ள மலையின் நீரெல்லாம் அங்கே வந்து கூடும். பீலிக்கும் பயிருக்கும் வளம் தந்த அதே நீர்தான் அந்த ஒக்டோபர் மாதத்துக் காலையில் மலையின் பிடியைத் தளர்த்தியது.

இதனை எவரும் அறியாமலிருந்தார்களா? இல்லை. 1986ஆம் ஆண்டு சனவரியில் மலைநாட்டில் நிகழ்ந்த மண்சரிவுகளுக்குப் பின், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் 1990ஆம் ஆண்டு முதல் சரிவு அபாயப் படங்களை வரைந்தனர். மீரியபெத்த மக்கள் அவ்விடத்தை விட்டு அகல வேண்டுமென 2005ஆம் ஆண்டிலும், மீண்டும் 2011ஆம் ஆண்டிலும் அவர்கள் எச்சரித்தனர். எச்சரிக்கை வந்தது, மாற்று நிலம் வரவில்லை. "சொல்லியும் போகாதவர்கள்" என்று அம்மக்களைக் குறை கூறியோரும் உண்டு. போ என்று சொல்பவர் எங்கே போவதென்றும் சொல்ல வேண்டாமா? தமக்கென ஓரடி நிலமும் இல்லாதவர், வேலையும் லயமும் ஒரே நிருவாகத்தின் கையிலிருக்க, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எந்த வழியிற் செல்வர்? அறிவு ஒரு கையிலும் நிலம் மற்றொரு கையிலும் இருந்தமையால் விளைந்த மரணம் இது. தப்பிய குடும்பங்களுக்கு 2016ஆம் ஆண்டில் மக்கல்தெனியவில் 75 வீடுகள் வழங்கப்பட்டன. அவ்வீடுகள் ஈராண்டுகளுக்கு முன் எழுந்திருப்பின் எத்தனை உயிர் தங்கியிருக்கும்!

வற்றிய வயிறு

மீரியபெத்தயில் கண்ணீர் காயுமுன், இருபது கிலோமீற்றருக்கும் குறைவான தொலைவிலே மறைநீர் வேறொரு முகத்தைக் காட்டியது. வெலிமடைப் பக்கத்திலிருந்து வரும் உமா ஓயாவின் நீரை மலைக்கடியில் வெட்டிய சுரங்கத்தின் வழியே தெற்கே திருப்பி, மின்சாரம் எடுத்து, அதன்பின் வரண்ட தென்கிழக்கு நிலங்களுக்குப் பாய்ச்சுவது உமா ஓயா பல்நோக்குத் திட்டத்தின் நோக்கம். புஹுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகள்; அங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கம்; வெல்லவாய வீதியோரம் ரந்தெனியவில் நிலத்தடி மின்நிலையம். மலையின் உச்சிக்கும் அடிக்கும் இடையேயுள்ள பெரும் உயரமே 120 மெகாவாற்று மின்சாரத்துக்கு ஆதாரம். நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை.

2014 டிசெம்பரில், பண்டாரவளைப் பகுதியின் கீழே சுரங்கம் தோண்டும் பொறி நீர் நிறைந்த பாறைப் பிளவுகளைத் துளைத்தது. பெருவெள்ளம் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. பல்லாண்டுக் காலம் மலை சேர்த்து வைத்திருந்த நீர் அது. அடியில் துளையிட்ட குடம் போலாயிற்று மலை. மேலே கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வயலும் மரக்கறித் தோட்டமும் காய்ந்தன. ஆண்டு முழுதும் தண்ணீருக்குத் தட்டுப்பாடறியாத மக்கள் பவுசர் வண்டிக்காக வாளியோடு வீதியோரம் காத்து நின்றனர். 2017ஆம் ஆண்டில் மீண்டும் நீர் பீறிட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பண்டாரவளை நகரிலே மக்கள் பெருந்திரளாகக் கூடித் தம் எதிர்ப்பைக் காட்டினர்.

நீர் வற்றியதோடு துன்பம் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன, தரை தாழ்ந்தது. நீர் போனால் வீடு ஏன் வெடிக்க வேண்டும்? மீண்டும் டெர்சாகியிடமே செல்வோம். மண்ணின் பாரத்தில் ஒரு பங்கை நீர் சுமந்துகொண்டிருந்தது. அந்நீர் திடீரென விலகியதும் முழுப் பாரமும் பொடிகளின்மேல் விழுந்தது. அவை நெருங்கி அமர்ந்தன, நிலம் தாழ்ந்தது, அதன் மேலிருந்த சுவர் பிளந்தது. மீரியபெத்தயில் நீர் மிகுந்ததால் மண் பிடி தளர்ந்தது. பண்டாரவளையில் நீர் குறைந்ததால் மண் அமிழ்ந்தது. விதி ஒன்றே, திசை மட்டும் வேறு.

சுரங்கத்தில் நீர்க்கசிவை அடைக்கும் பணிகள் நடந்தன. பல தடங்கல்களுக்குப் பின் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் அத்திட்டம் திறந்து வைக்கப்பட்டது. மின்விளக்கு எரிவதில் நமக்கும் மகிழ்ச்சியே. எனினும், தோண்டுவதற்கு முன் மலைக்குள் நீர் எங்கே தங்குகிறது, எவ்வழி செல்கிறது என்பதைப் போதிய அளவு ஆராய்ந்தறிவது எத்துணை இன்றியமையாதது என்பதற்குப் பண்டாரவளை என்றும் சாட்சி சொல்லும்.

நாம் செய்ய வேண்டியது யாது?

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயல், மலைநாடெங்கும் சரிவுகளை உண்டாக்கியது. மிகுந்த உயிர்களைப் பலிகொடுத்த மாவட்டங்களுள் நமது பதுளையும் ஒன்று. ஆதலின், மீரியபெத்த முடிந்துபோன கதையன்று. சங்கத்தின் இளைஞர்களாகிய நாம் விளக்கேற்றி அஞ்சலி செய்வதோடு அமையாது, சில காரியங்களையும் மேற்கொள்ளுதல் நலம்.

முதலாவது, மழையை அளப்போம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகரமோ போத்தலோ போதும்; திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரை அளவுகோலால் அளக்கலாம். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஆனால் புறப்பட அணியமாக வேண்டும். 150 ஆனால் சரிவுப் பகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வகுத்த அளவு. பெரியதொரு கருவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பீலியைக் கவனிப்போம். தெளிந்து ஓடிய பீலி திடீரெனக் கலங்கினாலும், ஓடிய ஊற்று நின்றாலும், இல்லாத இடத்தில் புதிதாக ஊற்றுக் கண்டாலும் அது மலைக்குள் நீரின் வழி மாறுகிறது என்பதன் அறிகுறி. மேற்சரிவில் நிலம் வெடித்தல், மரமும் மின்கம்பமும் சாய்தல், கதவும் சன்னலும் இறுகிக்கொள்ளுதல் ஆகியனவும் அத்தகையவே. பீலிக்கு நாள்தோறும் செல்லும் தாய்மாரே இவற்றை முதலில் காண்போர். அவர்கள் சொல்லைப் "பொம்பளைங்க பேச்சு" என்று தள்ளிவிடாது கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

மூன்றாவது, கான்களைத் தூர் வாருவோம். கோயில் திருவிழாவுக்கு முன் வீதியைச் செப்பனிடும் சிரமதானம் போல, மாரிக்கு முன் லயத்துக்கு மேலுள்ள கான்களைச் சீர்செய்யும் சிரமதானமும் நடக்கட்டும். ஊற்றுக்கு மேலே குப்பை கொட்டாதும் மலக்குழி தோண்டாதும் காப்போம். மண் வடிகட்டித் தரும் என்று நம்பி நாம் கொட்டுவது நம் குடத்துக்கே திரும்பி வரும்.

நான்காவதே தலையாயது. பெரியோர்களே! பாதுகாப்பான நிலத்தில் சொந்தக் காணியும் வீடும் கேட்பது சலுகை கேட்பதன்று. உயிர் காக்கும் உரிமை கேட்பதாகும். மழையளவும் அபாயப் படமும் கையிலிருந்தும் செல்ல இடமில்லாதவனை எந்த அறிவும் காப்பாற்றாது என்பதை மீரியபெத்த நமக்குக் காட்டிவிட்டது. தொழிற்சங்கத் தலைவர்களும், அரசும், தோட்ட நிருவாகங்களும் இக்கேள்விக்கு விடை கூறும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

ஆண்டுதோறும் அம்மன் திருவிழாவிலே பீலிக்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ சென்று கரகம் பாலித்து வருகிறோம். அந்த நீரிலே தெய்வம் எழுந்தருள்வதாக வணங்கித் தலையில் ஏந்துகிறோம். மலையின் வயிற்றிலிருந்து வரும் அந்நீரை வணங்குவது நம் மரபு. அதன் வழியை அறிவது நம் காலத்தின் கடமை. வணக்கமும் அறிவும் ஒன்றுசேர்ந்தால், அடுத்த தலைமுறைச் சிறுவன் தன் பாட்டியிடம் "மலைக்கு வயிறு இருக்கா?" என்று கேட்கும்போது, அப்பாட்டி அச்சமின்றிப் பாதுகாப்பான தன் வீட்டு முற்றத்தில் அமர்ந்தே விடை சொல்வார். அந்த முற்றத்தை ஆக்கித் தருவதே மீரியபெத்த மண்ணுக்குள் உறங்குவோருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.